தானா வளர்ந்த சவுக்கு

“செவுத்துல நாலு கரிக்கோடு போட்டா முடிஞ்சிபோற கணக்குக்கு மூணு வருஷம் காலேஜா? இந்தப் பொண்ணு படிச்சி இன்னாத்த வெட்டி சாய்க்கப் போவுது?”

பெரியப்பா இதை என்னிடம் சொல்லவில்லை. என்னைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டு அப்பாவிடம் சொன்னார். அப்பா ஒரு விறகுக் கட்டையை எடுத்து இன்னொரு கட்டையின் மேல் வைத்தார். அண்ணனை எதிர்த்து அவரால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம் அவர்கள் இருவருக்கும் ஒரு விறகுத் தொட்டி, அதாவது விறகுக் கடை, இருந்தது. ஓட்டல்காரர்களும் கல்யாண வீட்டுக்காரர்களும் அங்கேதான் விறகு எடுப்பார்கள். தொட்டியின் உள்சுவர்தான் கணக்குப் புத்தகம். ஒவ்வொரு ஓட்டலுக்கும் சுவரில் ஓர் இடம். கடன் வைத்தால் நின்ற கோடு, கடன் தீர்ந்தால் அதன் மேல் குறுக்குக் கோடு. போகிக்கு முந்தின நாள் சுவர் முழுவதும் வெள்ளையடித்துவிடுவார்கள். அந்த வருஷம் அத்துடன் தீர்ந்தது. “புதுசு எழுத எடம் வேணாமா?” என்பார் பெரியப்பா.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்து வாசற்படியைத் தாண்டிய முதல் ஆள் நான். கல்லூரி வாசலைத் தாண்டியதும் நான்தான். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பி.காம். பட்டத்தைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தபோது கண்டக்டர், “இன்னாம்மா அது, காலண்டரா?” என்று கேட்டார். “பட்டம்” என்றேன், பின்சீட்டு வரை கேட்கும்படி.

வீடு மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவே. வீட்டை ஒட்டி மூன்று ஏக்கர் மணல். அதில் சவுக்குத் தோப்பு. சவுக்கு மரம் வளர்ந்துவிட்டால் யாரையும் ஒன்றும் கேட்காது. ஆனால் கன்றாக இருக்கும் இரண்டு மூன்று கோடைகளுக்கு ஒவ்வொரு கன்றின் காலிலும் கைத்தண்ணீர் ஊற்றவேண்டும். மணலில் தோண்டிய கிணற்றில் மொண்டு, இடுப்பில் ஒன்று தோளில் ஒன்றாக இரண்டு குடம் சுமந்து ஊற்றினால் அது ஒரு நடை. ஊற்றியவள் அம்மா. உதவிக்கு இரண்டு கூலிப் பெண்கள்.

அவர்களுக்குள் ஒரு முறை இருந்தது. பத்து நடைக்கு ஒரு கிளிஞ்சல். சனிக்கிழமை சாயங்காலம் கூலிப் பெண்கள் தங்கள் முந்தானையில் முடிந்து வைத்த கிளிஞ்சல்களை எண்ணிக் கொடுத்துக் காசு வாங்கிக்கொள்வார்கள். அம்மா தன் கிளிஞ்சலை யாரிடம் கொடுப்பாள்? “என் கூலி கடன்ல கீது” என்று சிரித்துக்கொண்டே கிணற்றோரம் கொட்டிவிடுவாள். அந்த இடத்தில் ஒரு குவியல் உண்டாகியிருந்தது. கோழி மேயும். வேறு யாரும் அதைக் கவனித்ததில்லை.

மரங்கள் முதிர்ந்ததும் மெட்ராசிலிருந்து ஒரு வியாபாரி வந்து மொத்தத் தோப்பையும் வாங்கி வெட்டிக்கொண்டு போனார். பணத்தைச் செக்காகக் கொடுத்தார். எங்கள் குடும்பம் கண்ட முதல் செக்கு. அப்பா அதை மஞ்சள் துணியில் மடித்து பாங்குக்குக் கொண்டுபோனார். அந்தப் பணத்துக்கு ஒரே வேலைதான் வைத்திருந்தோம்: ஓர் ஆயில் எஞ்சின். மறு கன்று நடவேண்டும். அம்மாவின் இடது தோள் அதற்குள் மேலே தூக்க முடியாமல் போய்விட்டது. கொண்டைகூட நான்தான் போட்டுவிடுவேன். இன்னொரு மூன்று கோடை அந்தத் தோளால் தாங்காது. எஞ்சின் வந்தே ஆகவேண்டும்.

எஞ்சின் வருவதற்கு முன் நோட்டீஸ் வந்தது.

மெட்ராஸ் வியாபாரியின் கணக்கைப் பார்த்த வருமான வரி அதிகாரி, அதில் என் அப்பாவின் பெயருக்கு எதிரே ஒரு பெரிய தொகை இருப்பதைக் கண்டிருக்கிறார். இந்த ஆள் யார், ஏன் இதுவரை ஒரு கணக்கும் காட்டவில்லை என்று கேட்டிருந்தார். அப்பா நடுங்கினார். அதே சமயம் நோட்டீசைச் சட்டைப் பையில் பாதி வெளியே தெரியும்படி வைத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனார். “சர்க்காரு நமக்கெல்லாம் கடுதாசி போடுதுப்பா” என்று அலுத்துக்கொண்டாராம். அன்றைக்கு டீக்கடைக்காரர் கண்ணாடி டம்ளரை இரண்டு தடவை கழுவிக் கொடுத்திருக்கிறார்.

பெரியப்பா சொன்ன யோசனை எளிமையானது. “கிழிஞ்ச சட்டையா ஒண்ணு போட்டுக்கினு போ. மோதிரத்தக் கழட்டு.” கிழிந்த சட்டை கிடைத்தது. மோதிரம் கழலவில்லை. சோப்பு போட்டோம், விளக்கெண்ணெய் தடவினோம். விரல் வீங்கியதுதான் மிச்சம். கடைசியில் மோதிரத்தின் மேலேயே துணியைச் சுற்றிக் காயக்கட்டு போட்டுவிட்டார்கள்.

நான் என் வருமான வரிப் பாடப் புத்தகத்தை எடுத்தேன். விஷயம் தெளிவாக இருந்தது. விவசாய வருமானத்துக்கு மத்திய அரசின் வரி இல்லை. மாநிலத்தின் விவசாய வரி பெரிய நிலக்காரர்களுக்கு; எங்கள் மூன்று ஏக்கரை அது திரும்பிப் பார்க்காது. ஆனால் மரமாக இருந்தால் ஒரு நிபந்தனை உண்டு. மனிதர் உழுது, நட்டு, தண்ணீர் ஊற்றி வளர்த்திருந்தால்தான் விவசாயம். தானாக முளைத்து வளர்ந்திருந்தால் அது காடு. காட்டு மரத்தை விற்ற காசுக்கு வரி உண்டு.

“நைனா, மூணே வார்த்த சொன்னா போதும். உழுதோம், நட்டோம், தண்ணி ஊத்தனோம். எங்க, சொல்லு.”

“உழுதோம், நட்டோம், தண்ணி ஊத்தனோம்.”

வரி ஆபீசுக்குப் பஸ்ஸில் போகும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்குத் திருப்தியாக இருந்தது. நான் மறந்துபோனது ஒன்றுதான். எங்கள் கடற்கரையில் எவரும் தன் தோப்பைப் பற்றி, தான் பாடுபட்டு வளர்த்தேன் என்று வெளியாளிடம் சொல்வதில்லை. சொன்னால் கண்பட்டு மரம் கருகும். “தோப்பு நல்லா கீதே” என்று யாராவது கேட்டால், “நாம இன்னா பண்ணோம், தானா வளந்துச்சி” என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றவேண்டும். அப்பா ஐம்பது வருஷமாக அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறார்.

அதிகாரி கண்ணாடி போட்ட, சாந்தமான மனிதர். நாற்காலி கொடுத்தார். அப்பா உட்காரவில்லை. அதிகாரி வியாபாரியின் கணக்கைப் புரட்டிவிட்டு, மரியாதையாகத்தான் ஆரம்பித்தார்.

“நல்ல விலைக்குப் போயிருக்கே. தோப்பு ரொம்ப செழிப்பா இருந்திருக்கும் போல?”

இந்தக் கேள்வியில்தான் எல்லாம் முடிந்தது. செழிப்பு என்ற சொல் காதில் விழுந்ததும் அப்பாவின் கை தானாகக் கட்டிக்கொண்டது.

“செழிப்பெல்லாம் ஒண்ணும் இல்ல சார். ஏதோ, தானா வளந்துச்சி.”

“நட்டது யாரு?”

“நாம இன்னா சார் நட்றது.”

“தண்ணி ஊத்தினது?”

“மேல கீறவன் ஊத்தறான் சார்.”

அதிகாரி எழுதிக்கொண்டே வந்தவர் பேனாவை நிறுத்தினார். “யாரு அது? கூலி ஆளா?”

“ஆண்டவன் சார்.”

நான் அப்பாவின் முழங்கையைக் கிள்ளினேன். அவர் அதைத் தைரியம் சொல்வதாக எடுத்துக்கொண்டு இன்னும் பணிவானார். அதிகாரி விரல் கட்டைப் பார்த்தார்.

“கையில என்ன காயம்?”

“அதுவும் தானா வந்துச்சி சார்.”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “நீங்க யாரும்மா?”

“இவர் பொண்ணு சார். பி.காம்.”

“வருமான வரி ஒரு பாடமா இருந்திருக்குமே?”

“இருந்தது சார். அறுபத்தெட்டு மார்க்கு.”

“அப்ப உங்கப்பா இப்ப என்ன பண்ணிட்டார்னு புரியுதா?”

“புரியுது சார். மூணு ஏக்கரைக் காடா மாத்திட்டார்.”

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். நட்டதற்கும் தண்ணீர் ஊற்றியதற்கும் கணக்கு ஏதாவது உண்டா என்று கேட்டார். அப்பா முந்திக்கொண்டார். “கணக்கெல்லாம் சுத்தமா கீது சார். தொட்டி செவுத்துல.”

“அப்ப செவுத்த வந்து பார்க்கலாமே.”

“வெள்ளையடிச்சிட்டோம் சார்.”

“எப்ப?”

“வருஷா வருஷம் அடிப்போம் சார்” என்றார் அப்பா, பெருமையாக.

தோப்பை நேரில் வந்து பார்க்கவேண்டும் என்று நான் ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். நின்றபடியே எழுதினேன், எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. அடுத்த வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் வருவார், அவர் அறிக்கையைப் பார்த்து முடிவு செய்யலாம் என்றார் அதிகாரி. காடு என்று முடிவானால் வரியும் அபராதமும் சேர்ந்து எவ்வளவு ஆகும் என்று தாளின் ஓரத்தில் போட்டுப் பார்த்தேன். எஞ்சினில் சக்கரம் மட்டும்தான் மிஞ்சும்.

திரும்பி வரும்போது அப்பா, “நம்மள மாரி ஏழ பாழைங்கள ஏம்மா இப்புடி நோண்டறாங்க?” என்றார். காரணம் எங்கள் தோப்புக்குப் பக்கத்திலேயே இருந்தது. மெட்ராசிலிருந்து ஒரு பெரிய மனிதர் வந்து அங்கே பத்து ஏக்கர் வாங்கி, முள்கம்பி போட்டு, ‘பண்ணை’ என்று போர்டு வைத்திருந்தார். உள்ளே முழங்கால் உயரத்துக்கு மேல் ஒரு செடியும் இல்லை. அப்போதெல்லாம் வருமானம் மேலே போகப் போக வரியும் ஏறி, உச்சியில் ரூபாய்க்குத் தொண்ணூறு பைசாவுக்கு மேல் போய்விடும். விவசாயத்தில் வந்தது என்றால் மத்திய அரசுக்கு ஒன்றும் இல்லை. அதனால் மெட்ராசில் வேறு தொழிலில் சம்பாதித்த காசு, கணக்குப் புத்தகத்தில் எங்கள் மணலில் முளைத்தது. அவருடைய கணக்குப்பிள்ளை ஒருமுறை அப்பாவிடம் வந்து, பண்ணையிலிருந்து இருபது லாரி சவுக்கு வாங்கியதாக ரசீது எழுதித் தரச் சொன்னார். அப்பா வேலிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, “இத லாரியில ஏத்த வேணாம் சார், நீங்களே பையில போட்டு எடுத்துக்கினு போலாம்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இப்படிப் பலர் வந்ததில் எங்கள் பக்கத்து மணலுக்கு விலை ஏறியது. பயிர் வைக்க நினைத்த ஊர்க்காரர் யாராலும் வாங்க முடியவில்லை. மரமே இல்லாதவரிடம் கன்று வாங்கியது முதல் காய்ந்த சருகு வரை கணக்கு இருந்தது. மரம் வளர்த்தவர்களிடம் வெள்ளைச் சுவர் இருந்தது. அதிகாரி சந்தேகப்படாமல் என்ன செய்வார்?

வீட்டுக்கு வந்து நடந்ததை அம்மாவிடம் சொன்னோம். சொன்னோம் என்பதைவிட நான் சொன்னேன், அப்பா தூணைப் பார்த்துக்கொண்டு நின்றார் என்பதே சரி. அம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

“தானா வளந்துச்சின்னியா?”

“ஒரு பேச்சுக்கு சொல்றதுதானம்மே…”

“சரி. இன்னிக்கி சோறும் தானா வேவட்டும்.”

அன்றைக்குச் சோறு வேகவில்லை. மறுநாளும் இல்லை. தண்ணீர்த் தொட்டி தானாக நிரம்பவில்லை, சாணி தானாக அள்ளப்படவில்லை. எஞ்சினுக்குக் காத்திராமல் புதிதாக நட்டிருந்த கன்றுகளுக்கு மட்டும் தண்ணீர் போயிற்று. அம்மா அவற்றோடு சண்டை போடவில்லை. அப்பா டீக்கடையில் பன் தின்றுவிட்டு வந்து வாசலில் உட்கார்ந்திருப்பார். மூன்றாம் நாள் நான் சமைக்கப் போனேன். நான் வைத்த குழம்பை ஒரு வாய் தின்றதும் அப்பா எழுந்துபோய் அம்மாவிடம் சமாதானம் பேசினார். என் படிப்பால் குடும்பத்துக்குக் கிடைத்த முதல் நன்மை அது.

வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் வந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவராக இருக்கலாம். காலில் பளபளக்கும் ஷூ. மணலில் நாலு எட்டு வைத்ததும் அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். வெட்டிய மரங்களின் அடிக்கட்டைகளைப் பார்த்தார். நூல் பிடித்தாற்போல் நேர்கோட்டில் இருந்தன. “தானா வளர்ற மரம் இப்படி வரிசையில நிக்காது சார்” என்றேன். குறித்துக்கொண்டார். கூலிப் பெண்கள் இருவரையும் அழைத்தேன். இருவரும் ஒரே நேரத்தில் சாட்சி சொன்னார்கள். அவர், “தண்ணி ஊத்தினது சரிம்மா, ஆனா எவ்வளவு? ஒரு எண்ணிக்கை இல்லாம எப்படி எழுதுறது?” என்றார்.

அம்மா கிணற்றோரத்தைக் கையால் காட்டினாள்.

அவருக்குப் புரியவில்லை. நான் கிளிஞ்சல் முறையை விளக்கினேன். பத்து நடைக்கு ஒன்று, நடைக்கு இரண்டு குடம். கூலிப் பெண்கள் முந்தானையை அவிழ்த்து அந்த வாரத்துக் கிளிஞ்சல்களைக் காட்டினார்கள். இன்ஸ்பெக்டர் குந்தி உட்கார்ந்து எண்ண ஆரம்பித்தார். நானும் உட்கார்ந்தேன். நூறு நூறாகப் பிரித்துக் குவித்தோம். வெயில் உச்சிக்கு ஏறியது. எண்ணி முடித்தால் என் கணக்குப்படி வரவேண்டியதில் பாதிதான் வந்தது.

“மீதி எங்கம்மா?” என்றேன்.

அம்மா, வேடிக்கை பார்க்க வந்து சற்றுத் தள்ளி வீட்டோரம் நின்றிருந்த பெரியப்பாவைப் பார்த்தாள். “உங்க பெரியப்பாதான் போன போகிக்கு நாலு கூடை வாரிக்கினு போனாரு. சூளையில சுட்டு சுண்ணாம்பாக்கறதுக்கு.”

“எதுக்கு சுண்ணாம்பு?” என்றார் இன்ஸ்பெக்டர்.

பெரியப்பா செருமினார். “தொட்டிக்கு வெள்ளையடிக்கத்தான் சார்.”

அம்மாவின் கணக்கைச் சுட்டுப் பொடியாக்கி, அதைக் கரைத்துத் தன் கணக்கையும் அழித்திருக்கிறார். இன்ஸ்பெக்டர் இதை எப்படி எழுதுவது என்று வெகுநேரம் யோசித்தார். ‘கிளிஞ்சல், ஒரு குவியல், பாதி’ என்று எழுதியதை நான் எட்டிப் பார்த்தேன்.

புறப்படும்போது, அவருக்கே என்ன தோன்றியதோ, “ஒரு நடை நான் தூக்கிப் பார்க்கட்டுமா?” என்று கேட்டார். அம்மா இரண்டு குடத்தையும் நிரப்பிக் கொடுத்தாள். பேண்டை மடித்துவிட்டுக்கொண்டு, இடுப்பில் ஒன்றும் தோளில் ஒன்றுமாக நடந்தார். முதல் வரிசைக் கன்றுக்குப் போவதற்குள் சட்டை நனைந்து, ஒரு குடம் பாதியாகி, மணலில் முழங்கால் மடங்கி நின்றுவிட்டார்.

“வுட்டுடு சார்” என்றாள் அம்மா. “அது தானா போயி சேந்துக்கும்.”

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். கூலிப் பெண்கள் சிரித்த சிரிப்பு கடல் சத்தத்தையும் தாண்டிக் கேட்டிருக்கும்.

ஒரு மாதம் கழித்து உத்தரவு வந்தது. தோப்பு விவசாயம்தான், அந்தக் காசுக்கு வரி இல்லை. அம்மாவுக்கு அதை இரண்டு தடவை படித்துக் காட்டினேன். இரண்டாம் பக்கத்தைப் பெரியப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். அதிகாரியிடம் அப்பா பெருமையாகச் சொன்ன விறகுத் தொட்டி, வியாபாரம். அதற்குக் கணக்கு இல்லை. ஆகவே வருமானம் இவ்வளவு இருக்கலாம் என்று அதிகாரியே மதிப்பிட்டு வரி போட்டிருந்தார். பெரியப்பா, “அவ்ளோ எங்க வருது?” என்று குதித்தார். “வரலன்னு காட்ட செவுரு கீதா பெரியப்பா?” என்று கேட்டேன். இருவரும் தங்கள் பங்கைக் கட்டினார்கள். அப்பாவின் பங்கு போனதில் புது எஞ்சின் வாங்க முடியவில்லை. மதுராந்தகத்தில் ஒரு பழைய எஞ்சின் கிடைத்தது. இருமிக்கொண்டேதான் ஓடும், ஆனால் ஓடும். ரப்பர் குழாய் கடைசி வரிசை வரைக்கும் எட்டுகிறது. கிளிஞ்சலுக்கு இப்போது வேலை இல்லை.

பாங்கில் வரி கட்டிய சலானை அப்பா கண்ணாடிச் சட்டம் போட்டுத் தொட்டியில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். அதற்கும் கதம்பம் உண்டு. பஸ் குழியில் விழுந்து தூக்கிப் போட்டால், “நான் வரி கட்றவன்ப்பா, ரோட்ட ஒழுங்கா போடுங்க” என்று டிரைவரைத் திட்டுகிறார். முன்பெல்லாம் குழியில் விழுந்தால் தானா விழுந்ததாகத்தான் நினைப்பார்.

தொட்டியில் இப்போது பேரேடு இருக்கிறது. எழுதுவது நான். தோப்புக்குத் தனிப் பக்கம். அதில் முதல் வரி அம்மாவின் கூலி, மற்ற இரண்டு பெண்களுக்குக் கொடுக்கும் அதே கூலி. பெரியப்பா ரசீது போடக் கற்றுக்கொண்டிருக்கிறார். ரசீது வேண்டாம், விலையைக் குறை என்று கேட்கும் ஓட்டல்காரரிடம், “எங்க பொண்ணு ஒத்துக்காதுப்பா” என்று என் தலையில் போட்டுவிடுகிறார்.

போன வாரம் அவரே, “இந்த ஆபீசருங்க வேலைக்கு இன்னா படிக்கணும்?” என்று கேட்டார். பேச்சுக்குத்தான் கேட்டார். நான் பேரேட்டிலிருந்து தலையை எடுக்காமல், “பி.காம். போதும், மேல ஒரு பரீட்ச எழுதணும்” என்றேன். அதற்கு முந்தின நாளே வருமான வரி இன்ஸ்பெக்டர் தேர்வுக்கு விண்ணப்பத்தை செங்கல்பட்டுத் தபாலாபீசில் ரிஜிஸ்டர் செய்துவிட்டேன். விண்ணப்பத்தில் தகப்பனார் தொழிலுக்குத்தான் கட்டம் இருந்தது. விறகு வியாபாரம் என்று எழுதினேன். அதன் கீழே ஸ்கேல் வைத்து நானே ஒரு கோடு போட்டு, தாயார் தொழில், விவசாயம் என்று எழுதினேன். தபால் ரசீது பேரேட்டின் கடைசிப் பக்கத்தில், பசை போட்டு ஒட்டியிருக்கிறது.